தோட்டம் என்று சொல்லியிருக்கக் கூடாது

மாலை ஆறு மணி பத்து நிமிடத்துக்கு அந்தச் செய்தி வந்தது. மலேசியாவில், எங்கள் கிள்ளானில் மழை பிடித்துக்கொண்டிருந்தது. நான் துறைமுக அலுவலகத்திலிருந்து கிளம்பி, கார்க் கதவைத் திறந்து ஒரு காலை உள்ளே வைத்திருந்தேன். "அப்பா, ஊர்க்காரங்க என்னை ஒரு இடத்துல உக்கார வச்சிருக்காங்க. பயப்படாதீங்க." அவ்வளவுதான். திருப்பி அழைத்தேன். கைப்பேசி அணைந்திருந்தது. அந்தக் கடைசி வார்த்தை மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் நான் அவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

என் மகள் மாலினி பொருளாதார, சமூக வரலாற்றில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறாள். அதற்காகத்தான் பெரம்பலூரில் ஓர் அறை எடுத்துத் தங்கி, பெரம்பலூர், அரியலூர் கிராமங்களுக்குப் போய்க்கொண்டிருந்தாள். மழைக்குள் நின்றபடியே அவளை எத்தனை முறை அழைத்தேன் என்று தெரியாது. சட்டை ஒட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனபோது என் மனைவி, "ஏன், குடை எடுத்துட்டுப் போகலையா?" என்றாள். நான் கைப்பேசியை அவளிடம் நீட்டினேன்.

பிறகு வேறு யாருடைய எண்ணிலிருந்தோ மாலினியே கூப்பிட்டாள். "சார்ஜ் போயிருச்சுப்பா. நல்லா இருக்கேன். டீயும் பன்னும் குடுத்து, ஆட்டோ வச்சு அனுப்பி விட்டாங்க." அதற்குள் நான் பயணத்துக்கு எல்லாம் ஏற்பாடு செய்திருந்தேன். வராதீங்க, வராதீங்க என்று அவள் சொன்னாள். மனைவிதான், "போயிட்டு வாங்க. நீங்க இங்க இருந்தா நானும் தூங்க முடியாது" என்று தீர்ப்புச் சொன்னாள்.

திருச்சியில் இறங்கியதும் வெயில் முகத்தில் கைவைத்துத் தள்ளியது. எங்கள் ஊரிலும் வெயில் உண்டு. ஆனால் அது ஈரத்துணியைப் போர்த்தியது போல இருக்கும். இது காய்ந்த வெயில். பேருந்து நிலையத்தில் "பெரம்பலூர், பெரம்பலூர்" என்று கூவிக்கொண்டிருந்த வண்டியில் ஏறினேன். நடத்துநர் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, "உள்ள போவாது சார், நாலு ரோட்டுல எறங்கிக்கணும்" என்றார். எதற்குள்ளே போகாது, எது நாலு ரோடு என்று கேட்டிருக்க வேண்டும். பக்கத்து இருக்கைக்காரர் விடவில்லை.

"மலேசியாங்களா? பொண்ணு இங்கயா? தனியாவா?"

"ஆமாங்க. ஆராய்ச்சி பண்றா."

"கல்யாணம்?"

"இன்னும் இல்ல."

"அதான் ஆராய்ச்சி பண்ணுது" என்று அவர் முன் இருக்கைக்காரருக்கும் சேர்த்து விளக்கினார். அவருக்கு நான் பதில் தேடிக்கொண்டிருந்த வேளையில் நாலு ரோடு வந்து போய்விட்டது. பெரிய சாலையில் எங்கோ இறக்கிவிட்டார்கள். இரண்டு பக்கமும் மக்காச்சோளக் காடு, நடுவில் என் பெட்டியும் நானும். வெங்காய மூட்டை ஏற்றிய ஒரு சிறிய லாரி நின்றது. ஓட்டுநர் என்னை எதுவுமே கேட்கவில்லை. நான் ஏறியதும் பாட்டின் சத்தத்தைக் கூட்டினார். அந்த ஒன்றுக்காகவே அவரை இன்னும் நினைத்துக்கொள்கிறேன்.

மாலினி பேருந்து நிலையத்தருகில் காத்திருந்தாள். கறுத்திருந்தாள், மெலிந்திருந்தாள், சிரித்துக்கொண்டிருந்தாள். நான் அவள் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"என்னப்பா தேடுறீங்க?"

"ஒண்ணுமில்ல."

"வெங்காய வாசம் அடிக்குதுப்பா உங்க மேல."

சாப்பாட்டுக் கடையில் சாம்பார் ஊற்றினார்கள். முழுச் சின்ன வெங்காயம் அள்ள அள்ள வந்தது. எங்கள் ஊரில் இதை மிளகாயோடு சேர்த்துச் சம்பலுக்கு இடிப்போம். முழுசாக இத்தனையைச் சாம்பாரில் போட எங்களுக்கு மனம் வராது. மாலினி சாப்பிட்டுக்கொண்டே நடந்ததைச் சொன்னாள்.

ரெட்டிபாளையத்துக்கு அப்பால் ஒரு கிராமம். அதன் பெயரை எழுதக் கூடாது என்று எனக்குக் கண்டிப்பான உத்தரவு. அங்கே போய் வீடு வீடாக, "ஆய்வு பண்ண வந்திருக்கேன்" என்றிருக்கிறாள்.

"அதுல என்ன தப்பு?" என்றேன்.

"எனக்கும் தெரியாதுப்பா. அங்க ஆய்வுன்னா நிலத்துல குழாய் எறக்கி, சுண்ணாம்புக்கல் இருக்கான்னு பாக்கறது. குழாய் எறங்குனா பின்னாடியே நிலத்தைக் கேட்டு ஆள் வருமாம். நான் அதோட நிறுத்தினேனா? 'உங்களுக்குச் சொந்த நிலம் எப்போ வந்துச்சு, எந்தப் பக்கம் இருக்கு'ன்னு அடுத்த கேள்வி கேட்டேன் லா."

மகளிர் குழுக் கட்டடத்தில் உட்கார வைத்து, யார் அனுப்பினார்கள் என்று மாலை வரை கேட்டிருக்கிறார்கள். யாரும் அதட்டவில்லை. கதவையும் சாத்தவில்லை. ஆனால் வாசலில் நின்றவர்கள் நகரவில்லை. இதை அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். நான் இலையை மடித்துவிட்டேன். "நாளைக்கே கிளம்பலாம்" என்றேன்.

"அதே ஊர்ல ஒருத்தரைப் பாக்கணும்பா. அஞ்சலைன்னு பேரு. அவங்க பேசலன்னா என் ஆய்வுல நடுப்பகுதியே கிடையாது."

அப்படியானால் நானும் கூடவே வருவேன், ஒரு நிமிடம்கூடத் தனியாக விடமாட்டேன் என்றேன். அவள் மோர் குடித்துவிட்டு, "முதல்ல அரும்பாவூர் வாங்க" என்றாள்.

மறுநாள் அரும்பாவூர். மலை ஒரு பக்கம் நீலமாக நின்றது. ஒரு வேப்பமர நிழலில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் உட்கார்ந்து வெங்காயத் தாள் அறுத்துக்கொண்டிருந்தார்கள். மாலினியைக் கண்டதும், "வா கண்ணு, அப்பாவா? உன்ன மாதிரியே இருக்காரு, கொஞ்சம் பயந்தவரு போல" என்று ஒருத்தி சொல்ல, எனக்கு ஓர் அரிவாள்மணையும் கொடுக்கப்பட்டது. இரண்டு கைப்பிடி அறுப்பதற்குள் கண்ணில் நீர் கொட்டியது. "இன்னும் பொண்ண கட்டியே குடுக்கல, அதுக்குள்ள அழுவுறாரே!" என்று அவர்கள் சிரித்த சிரிப்பில் காக்கைகள் எழுந்து போயின.

மாலினி கேட்டது ஒரே கேள்வி: கூலி எப்போது தானியத்திலிருந்து காசுக்கு மாறியது?

நீலப் புடவை கட்டிய பெண் கையை நிறுத்தாமல் பேசினார். "அப்பல்லாம் கம்பு, சோளந்தான் கூலி. படியால அளப்பாங்க. அளக்கறப்ப கட்டவெரல படிக்குள்ள வுட்டுக்குவாங்க. வெரலு எவ்ளோ தடிச்சுருக்கோ அவ்ளோ தானியம் நமக்கு இல்ல. ஒரு வருசம் வெங்காயம் அறுக்க அரியலூரு பக்கத்துலேருந்து பொம்பளைங்க கூட்டம் வந்துச்சு. அதுல அஞ்சலைன்னு ஒருத்தி, சின்னப் பொண்ணு. தானியம் வேணாம், காசா குடுன்னு வரப்புல ஒக்காந்துட்டா. அவ ஒக்காந்தா, எல்லாரும் ஒக்காந்துட்டாங்க. அறுத்த வெங்காயம் வெயில்ல கெடக்குது, அள்ள ஆளில்ல."

"குடுத்தாங்களா?" என்று கேட்டது மாலினி அல்ல, நான்.

"குடுக்காம? காசுக்குள்ள கட்டவெரல வுட முடியாதுல்ல?"

திரும்பும் வழியில் பேருந்தில் நின்றபடி மாலினி எனக்குப் பாடம் எடுத்தாள். சிமெண்ட் ஆலை வந்தது, ஆண்களுக்குக் காசுச் சம்பளம் கிடைத்தது, அதைப் பார்த்து வயல் கூலியும் காசானது என்றுதான் எல்லாரும் எளிதாகச் சொல்லிவிட்டுப் போகிறார்களாம். ஆனால் அதை மாற்றியது ஆலை அல்ல, ஊர் ஊராக அறுவடைக்குப் போன பெண்களாக இருந்தால்? ஏன் உட்கார்ந்தார்கள், எங்கே பேசி முடிவெடுத்தார்கள், திரும்பிப் போனதும் சொந்த ஊரில் என்ன நடந்தது? இதெல்லாம் அஞ்சலைக்குத்தான் தெரியும். "மத்தவங்க சொன்னதை மட்டும் வச்சு எழுத முடியாதுப்பா. அது கேள்விப்பட்ட கதையா போயிரும்."

எனக்குள் ஏதோ மாறிவிட்டது. மகளைக் கூட்டிக்கொண்டு போக வந்தவன், அந்தப் பெண் வரப்பில் உட்கார்ந்தபோது என்ன நினைத்தாள் என்று யோசித்துக்கொண்டே நிறுத்தத்தைத் தவறவிட்டேன். இந்தமுறை மாலினியும் சேர்ந்து தவறவிட்டாள்.

மூன்றாம் நாள் அரியலூர். நாலு இட்லியும் காரச் சட்னியுமாகக் காலை உணவை முடித்துக்கொண்டு ஆட்டோ பிடித்தோம். ஓட்டுநருக்கு முப்பது வயதிருக்கும். வரலாற்று ஆராய்ச்சி என்றதும் வண்டியை எதிர்த் திசையில் திருப்பப் பார்த்தார்.

"கீழப்பழுவூருக்கு வுடறேன் சார். சோழர் கோயிலு. ஆராய்ச்சிக்காரவுங்க எல்லாம் அங்கதான் போவாங்க. நீங்க சொல்ற பக்கம் சிமெண்டு ஆலைதான் இருக்கு."

"எங்களுக்குக் கூலியோட வரலாறு வேணும் அண்ணா" என்றாள் மாலினி.

"கூலிக்கு எதுக்குங்க வரலாறு?"

"உங்க தாத்தா என்ன வேலை பாத்தாங்க?"

"பண்ணையில இருந்தாரு."

"நீங்க?"

"ஆட்டோ. சொந்த வண்டி."

"நடுவுல என்ன நடந்துச்சு?"

அவர் வண்டியின் வேகத்தைக் குறைத்தார். பிறகு சொல்லத் தொடங்கியவர் நிறுத்தவே இல்லை. அப்பா கிணறு வெட்டப் போனது, சித்தப்பா ஆலையில் மூட்டை தூக்கியது, அம்மா ஆடு வளர்த்தது, ஆடு விற்று அக்காவைப் படிக்கவைத்தது. எல்லாவற்றையும் பின்னால் திரும்பி மாலினியின் முகத்தைப் பார்த்துச் சொன்னார். எதிரே சுண்ணாம்புக்கல் லாரிகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. துறைமுகத்தில் நாள் முழுதும் கொள்கலன் லாரிகளோடு இருப்பவன் நான். இவ்வளவு நெருக்கத்தில் ஒரு லாரியின் சக்கரத்தைப் பார்த்ததில்லை. "ரோட்டைப் பாருங்க தம்பி!" என்று கத்தினேன். "பாத்துக்கிட்டுதான் இருக்கேன் சார்" என்றார், பின்னால் திரும்பி.

அந்த ஊரில் வேலிச்செடிகள்கூடச் சுண்ணாம்புத் தூசி படிந்து வெள்ளையாக இருந்தன. மகளிர் குழுக் கட்டடத்தில் எங்களை உட்காரச் சொன்னார்கள். அதே இடம். நான் வாசலுக்கு நேராக இருந்த நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தேன். குழுத் தலைவி ராணி, அஞ்சலையின் தங்கை. வார்டு உறுப்பினர் தங்கராசு வெள்ளை வேட்டியோடு வாசலை அடைத்து நின்றார். சுற்றிலும் பெண்கள், நாலைந்து ஆண்கள்.

ராணி அக்காவுக்குப் போன் போட்டு எல்லாரும் கேட்கும்படி வைத்தார். அஞ்சலை நாற்காலி, பந்தல் வாடகைக்கு விடுகிறவராம். பின்னால் இரும்புக் கம்பிகள் மோதும் சத்தம் கேட்டது.

"நெலத்த பத்திக் கேட்டுச்சே, அந்தப் பொண்ணா? நான் வரல. அந்தக் காணிய நாங்க எப்புடி வாங்குனோம்னு எனக்குத்தான் தெரியும். அத ஒருத்தன் கையில குடுக்க மாட்டேன். அந்தப் பொண்ண திருப்பி அனுப்பிவுடு." அழைப்பு அறுந்தது.

மாலினியின் முகம் அப்படியே இறங்கிப்போனது. அஞ்சலையைப் பார்த்ததும் என்னோடு கிளம்புவதாக அவள் ஒப்புக்கொண்டிருந்தாள்; மறுநாள் எங்களுக்குத் திரும்பும் பயணம். நான் பேசினால் சரியாகிவிடும் என்று எனக்குத் தோன்றியது. பெற்றவர்களுக்கு அப்படித்தான் தோன்றும்.

தங்கராசே ஆரம்பித்துக் கொடுத்தார். "சாருக்கு சொந்த ஊரு?"

"மலேசியாதாங்க. நான் பொறந்து வளந்ததெல்லாம் தோட்டத்துல."

"தோட்டமா. பெரிய தோட்டமோ?"

"ரொம்பப் பெரிசுங்க. இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடிக்கு லாரியிலதான் போகணும்."

யாரோ 'அடேயப்பா' என்றார்கள். எனக்கு உற்சாகம் வந்துவிட்டது.

"எத்தினி பேரு வேல செய்வாங்க?"

"நூத்துக்கணக்குல. அவங்களுக்கு வரிசையா வீடு, கோயில், பள்ளிக்கூடம், எல்லாம் தோட்டத்துக்குள்ளேயே."

தங்கராசு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "கேட்டுக்கிட்டீங்களா? லாரி வச்சுச் சுத்துற அளவுக்கு நெலம் வச்சுருக்கவரு. அவரு பொண்ணு எதுக்கு வேகாத வெயில்ல வந்து, ஒனக்கு எங்க நெலம் இருக்குன்னு நம்மள கேக்குது? வாங்கத்தான்!"

ஒரே சலசலப்பு. மாலினி நெற்றியில் கையை வைத்துக்கொண்டாள். "அப்பா, இங்க தோட்டம்னா கிணத்துப் பாசனத்துல இருக்கிற சொந்த வயல். நீங்கதான் முதலாளின்னு நினைக்கிறாங்க."

என் தகப்பனார் இதைக் கேட்டிருந்தால் சிரித்தே விழுந்திருப்பார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வாசலில் ஆட்கள் நெருங்கி நின்றார்கள். எழுந்து நின்றேன். "ஐயா, தோட்டம் எங்களுது இல்லீங்க! வெள்ளைக்காரன் கம்பெனியோட ரப்பர்த் தோட்டம். நாங்க அங்க கூலி. அப்பா மருந்து அடிச்சாரு. அம்மா பால் வெட்டுனாங்க."

ராணி கையிலிருந்த போனைக் கீழே வைத்தார்.

"என்னாத்த வெட்டுனாங்க?" என்றார் ராணி.

"பாலுங்க. பால் வெட்டுனாங்க."

"பாலு கறப்பாங்க. காய்ச்சுவாங்க. திரிஞ்சு போவும். வெட்டுவாங்களா?" பின்வரிசையில் ஒரு பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தச் சிரிப்பு பக்கத்தில் இருந்தவளுக்கும், அவளுக்குப் பக்கத்தில் இருந்தவளுக்கும் தொற்றியது. நான் காற்றில் ஒரு மரத்தை வரைந்து, அம்மா கத்தியால் பட்டையைச் சாய்வாகச் சீவுவதையும், கீழே மங்கில் பால் சொட்டுவதையும் செய்து காட்டினேன். மங்கு என்றால் என்ன என்றார்கள், கிண்ணம் என்றேன். எந்நேரத்துக்குப் போவார்கள் என்றார்கள். இருட்டிலேயே பெரட்டுக்குப் போய்விடுவார்கள் என்றேன். பெரட்டு என்றால்?

"எல்லாரையும் வரிசையில நிக்க வச்சு, பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புவாங்க."

"மழ பேஞ்சா?"

"பால்ல தண்ணி சேந்துரும். வேலை கிடையாது."

"வேல இல்லேன்னா கூலி இல்ல" என்று மூன்று நான்கு பேர் சேர்ந்தே முடித்தார்கள்.

இப்போது அவர்கள்தான் கேள்வி கேட்டார்கள், நான் பதில் சொன்னேன். பிள்ளையை யார் பார்த்துக்கொண்டது? ஆயாக் கொட்டகையில் விட்டார்கள். கங்காணி திட்டுவானா? திட்டுவான். அம்மா திருப்பித் திட்டுவாங்களா? கொஞ்சம் தள்ளிப் போனதும் திட்டுவாங்க. "அது இங்கயுந்தான்!" என்று ஒரு குரல். பிறகு ராணி கேட்டார்: "கூலி அரிசியா குடுத்தாங்களா, காசாவா?"

மாலினி சட்டென நிமிர்ந்தாள். பெரம்பலூரிலும் அரியலூரிலும் அவள் ஊர் ஊராகச் சுமந்து திரிந்த கேள்வி அது.

"காசுதாங்க. ஆனா தோட்டத்துக் கடையில வாங்குன அரிசிக்குப் பிடிச்சுக்கிட்டு மீதியைத்தான் குடுப்பாங்க."

"அப்ப அதுவும் பாதி அரிசிதான்" என்றார் ராணி. "பேருக்குத்தான் காசு."

மாலினி என் கையைப் பிடித்து அழுத்தினாள். அவள் சின்னவளாக இருந்தபோது ராட்டினம் மேலே போகும்போது பிடிப்பாளே, அதே பிடி. "அப்பா, காசா தானியமான்னு ரெண்டா பிரிச்சதே தப்புப்பா. கேள்வியையே மாத்தணும்!" என்றாள். என் காதில் சொல்வதாக நினைத்துக் கத்திவிட்டாள். எனக்கு முழுசாகப் புரிந்தது என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தக் கட்டடத்தில் இருந்த எல்லாருக்கும் ஏதோ நல்லது நடந்துவிட்டது என்று புரிந்தது.

தங்கராசு வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு முதல்முறையாக உட்கார்ந்தார். "கூலிக்காரர் மவன்னு முன்னயே சொல்லக் கூடாதா சார்? எடுத்த ஒடனே தோட்டம்ங்கறீங்க."

ராணி மறுபடி போனை எடுத்தார். "அக்கா, கம்பெனி ஆளு இல்ல. நம்ம மாதிரி கூலிக்காரவுங்கதான். இந்தப் பொண்ணோட அப்பா வந்துருக்காரு. அவரு அம்மா பாலு வெட்டுனாங்களாம்."

அந்தப் பக்கம் இரும்புக் கம்பிகளின் சத்தம் நின்றது. பிறகு: "என்னாத்த வெட்டுனாங்க?"

"நீயே வந்து கேளு" என்று சொல்லி ராணி போனை வைத்துவிட்டார்.

காத்திருந்தோம். கம்மங்கூழும் மோர்மிளகாயும் வந்தன. கூழை எப்படிக் குடிப்பது என்று எனக்குக் கற்றுக்கொடுக்க ஐந்து பேர் இருந்தார்கள். ஐந்து பேரும் ஐந்து விதமாகச் சொன்னார்கள். ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் மாலினி வாசலைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். ஊரை விட்டுக் கிளம்பியபோது என் மகளுக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்று மட்டும்தான் வேண்டிக்கொண்டேன். இப்போது பார்த்தே இராத ஒரு பெண் வரவேண்டும் என்று அதே அளவு வேண்டிக்கொண்டிருந்தேன்.

வெயில் சாயத் தொடங்கியபோது, சிவப்பு நாற்காலிகளை அடுக்கிக் கயிறு கட்டிய ஒரு சுமை ஆட்டோ வாசலில் வந்து நின்றது. ஓட்டுநர் பக்கத்திலிருந்து நரைத்த தலையும் அகன்ற தோளுமாக ஒரு பெண்மணி இறங்கினார். உள்ளே வந்து, யாரையும் கேட்காமல் நடுவில் இருந்த நாற்காலியை இழுத்து மாலினிக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார். மாலினியை மேலும் கீழும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் சட்டையைச் சரிசெய்துகொண்டு, பால் வெட்டிய கதையைச் சொல்ல ஆயத்தமானேன்.

"சார் கொஞ்சம் எந்திரிங்க" என்றார் அஞ்சலை. "பொண்ணு இருக்கட்டும். இத ஆம்பளைங்கள வச்சுக்கிட்டுப் பேச முடியாது. ஏ தங்கராசு, சாரக் கூட்டிக்கிட்டுப் போயி நல்ல கடையாப் பாத்து எதாவது வாங்கிக் குடு. நான் கூப்புடற வரைக்கும் ரெண்டு பேரும் இந்தப் பக்கம் எட்டிப் பாக்கக் கூடாது."